இளநீர்க்காரர் போட்டிருந்த ஷூ

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிர் வீட்டுக்காரரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கல்பாக்கம் ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில் ஒரே மாடியில் அவர் கதவும் என் கதவும் நேருக்கு நேர். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு செய்தித்தாள் வாங்குகிறோம். காலையில் எனக்கு, மாலையில் அவருக்கு. அப்படிப்பட்ட மனிதர் ஒட்டுத்தாடியும் தலையில் ஒரு சிவப்புத் துண்டுமாகச் சினிமாத் திரையில் பனைமர உயரத்துக்கு வந்து நின்றபோது, நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை மட்டும் பார்த்து, இவன்தான் கொலைகாரன் என்று முடிவுகட்டி, அதை எழுதி, ஊருக்கெல்லாம் அனுப்பி, ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்த அந்த மனிதருடைய பென்ஷனை ஏறக்குறையக் கடலில் தள்ளிவிட்டேன். திரில்லர் ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். முடிச்சை முதல் பத்தியிலேயே அவிழ்த்துவிட்டேன்.

கொலைகாரனை இடைவேளைக்குள் கண்டுபிடித்துவிடுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எனக்கு வைத்தது நான்தான். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் அறிக்கைகளைத் திருத்துகிற பிரிவில் எனக்கு வேலை. ஆராய்ச்சியாளர்கள் எழுதும் நீண்ட வாக்கியங்களில் எழுவாய் எங்கேயாவது தொலைந்துபோயிருக்கும்; அதைத் தேடி எடுத்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். எழுவாயையே கண்டுபிடிக்கிறவனுக்குக் கொலைகாரன் எம்மாத்திரம் என்று ஒரு நினைப்பு. போதாததற்கு, இளம் வயதில் வாடகை நூலகங்களில் இருந்த துப்பறியும் கதைகளை அட்டை கிழிந்ததிலிருந்து அட்டையே இல்லாதது வரை படித்துத் தீர்த்தவன். கடைசிப் பக்கம் கிழிந்துபோன புத்தகங்களில் யார் கொன்றது என்று இன்றுவரை தெரியாமல் வாழ்கிறேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

என் முறை எளியது. முதல் அரை மணிக்குள் திரையில் தலை காட்டுகிற அத்தனை பேர் மேலும் ஒவ்வொருவராகச் சந்தேகத்தைச் சொல்லி வைத்துவிடுவேன். முடிவில் யார் மாட்டினாலும், "அப்பவே சொன்னேன்" என்று சொல்ல இடம் இருக்கும். இதை என் மனைவி கவனித்துவிட்ட பிறகு என்னோடு படத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அந்தப் படம் வந்த வாரம் எங்கள் அலுவலக பஸ் இரண்டாகப் பிளந்தது. எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. திருப்பங்களை நம்பி எடுத்த படம் ஏதாவது வந்தால், பார்க்காதவர்கள் முன் வரிசைகளுக்குப் போய்விட வேண்டும். பார்த்தவர்கள் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். கதையை முன்வரிசைக்குக் கேட்கும்படி சொல்கிறவனுக்கு மறுநாள் டீ செலவு. சாதாரண நாளில் ஜன்னலோர இடத்துக்காகச் சொந்தத் தம்பியையே முறைக்கிறவர்கள் அந்த வாரம் மட்டும் மறுபேச்சில்லாமல் இடம் மாறுவார்கள். மாறாதவர் ஒரே ஒருவர். எதிர் வீட்டுக்காரரின் பிரிவுக்குத் தலைவியான அம்மையார். மதுரைக்காரர். படம் வந்தாலும் புயல் வந்தாலும் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை அவருடையது. ஏறியதும் கண்ணை மூடுவார், இறங்கும்போது திறப்பார். விடுப்பு விதிகள் முழுக்க அவருக்கு மனப்பாடம் என்பார்கள். பொய்க் காய்ச்சலையும் மெய்க் காய்ச்சலையும் போன் குரலிலேயே பிரித்துவிடுவார் என்றும் பேச்சு. அந்த அம்மாவிடம் வேலை பார்க்கிறவர்கள் உண்மையாகவே காய்ச்சல் வந்தால்கூடக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் படுத்திருப்பார்கள்.

பின்வரிசையில் படத்தைப் பற்றி நடந்தது விமர்சனம் என்று சொல்ல முடியாது. மற்ற ஊர்களில் படம் பார்க்கிறவன், "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஸ்பீடு, செகண்ட் ஹாஃப் லேகு" என்று சொல்லிவிட்டுப் புரோட்டா சாப்பிடப் போய்விடுவான். எங்கள் ஆட்கள், இது உடைந்தால் என்ன ஆகும், அதுவும் சேர்ந்து உடைந்தால் என்ன ஆகும் என்று பகல் முழுக்க யோசித்துப் பிழைக்கிறவர்கள். அவர்கள் கண்ணுக்குத் தொடர் கொலைகாரன் என்பவன் சரியாகத் திட்டமிடாமல் தொடங்கிவிட்ட ஒரு சிறு தொழிற்சாலை.

"ஒரே ஒரு கத்திய நம்பி அத்தன கொலைக்குக் கெளம்பிருக்கானுங்க," என்றார் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிற கோயம்புத்தூர்க்காரர். "அது மொண்ணையாப் போச்சுன்னா? ஸ்டாண்ட்-பை எங்கீங்க? ஒண்ணும் கெடையாது."

கதையைச் சொல்லிவிடுகிறேன்; இப்போது யாரும் டீ கேட்கப்போவதில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் வரிசையாகப் பிணங்கள் கிடக்கின்றன. ஒவ்வொரு பிணத்தின் கையிலும் ஒரு சின்னக் கல் ஆமை. விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர் தூங்குவதில்லை, சவரம் செய்வதில்லை, மனைவியின் புகைப்படத்தைப் பார்க்காமல் சாப்பிடுவதில்லை. கொலைகாரன் முதலில் அவருடைய நண்பர் என்று தெரிகிறது. பிறகு, நண்பர் இல்லை, பிணங்களை அறுத்துப் பார்க்கிற டாக்டரம்மா என்று தெரிகிறது. கடைசி நிமிடத்தில், தூங்கவே தூங்காத இன்ஸ்பெக்டர் உண்மையில் தூங்கிக்கொண்டே இருந்திருக்கிறார், தூக்கத்தில் அவரேதான் எல்லாரையும் கொன்றிருக்கிறார் என்று தெரிகிறது. அப்படியென்றால் நண்பரும் டாக்டரம்மாவும் எதற்காக அவ்வளவு நேரம் பயங்கரமாகச் சிரித்தார்கள் என்று கேட்கக் கூடாது. விளக்கு போட்டுவிடுவார்கள்.

நான் இதைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சியில், செங்கல்பட்டில், என் மச்சானோடு. மனைவியின் தம்பி. செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் நெல் வயல், சொந்தமாக ஒரு சரக்கு வேன். நான் படம் பார்க்கும்போது பேசுவதைப் பொறுத்துக்கொள்கிற ஒரே உறவு அவன்தான். டிக்கெட் நான் வாங்குவேன் என்பதும் காரணமாக இருக்கலாம்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் கடற்கரைக்கு வருகிறார். கேமரா மணலில் தொடங்கி மெதுவாக மேலே ஏறியது. முதலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. அதன்மேல் மடித்துக் கட்டிய லுங்கி. பிறகு ஒரு கை, அரிவாள், இளநீர். கடைசியாகத் தாடி. அந்த ஆள் இளநீரை ஒரே சீவில் திறந்து நீட்டிவிட்டு, "அந்தப் பக்கம் போவாதீங்க சார், பாற வழுக்கும்" என்றார். இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம்தான் போனார். அங்கேதான் பிணம் இருந்தது.

நான் தாடி வரை போகவே இல்லை. ஷூவிலேயே நின்றுவிட்டேன். அது கடையில் வாங்கிய ஷூ இல்லை. முனையில் இரும்புத் தகடு வைத்து, வேலை இடத்தில் காலில் எதுவும் விழுந்துவிடாமல் இருக்க எங்களுக்குக் கொடுக்கிற சேஃப்டி ஷூ. அந்த வருடம் வந்ததில் ஓரம் முழுக்கப் பச்சை நூல் தையல். கண்ணை உறுத்துகிற பச்சை. எனக்கும் ஒரு ஜோடி உண்டு. என் மேஜையிலிருந்து காலில் விழக்கூடிய மிகக் கனமான பொருள் அகராதி. அதிலிருந்து என்னைக் காப்பாற்றக் கொடுத்தது.

மச்சானின் கையைப் பிடித்தேன். "மச்சான், இவன்தான்."

"எவன்?"

"இளநீர்க்காரன். காலைப் பாரு."

"காலுக்கு இன்னா மாமா? ஷூ போட்டுகினு கீறான்."

"அதைத்தான் சொல்றேன். இளநீர் விக்கிறவன் எதுக்குச் சேஃப்டி ஷூ போடணும்?"

"மணலு சுடும், போட்டுகினு கீறான். பேசாம பாரு மாமா."

இடைவேளையில் பப்ஸ் வாங்குகிற வரிசையில் நின்றபடி அவனுக்கு என் கொள்கையை விளக்கினேன். ஒரு நல்ல இயக்குநர் காரணம் இல்லாமல் கேமராவைக் காலில் வைக்க மாட்டான். இளநீர்க்காரன் உண்மையில் இளநீர்க்காரனே அல்ல. ஏதோ பெரிய தொழிற்சாலையில் அவனுக்கு அநீதி நடந்திருக்கிறது. முன்னால் நின்றவர் திரும்பி, "பெரியவரே, நாங்க காசு குட்த்து வந்துகீறோம், கொஞ்சம் வாய மூடுறீங்களா?" என்றார். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது இருக்கும். பெரியவரே என்றதில்தான் எனக்கு வருத்தம்.

இரண்டாம் பாதியில் இளநீர்க்காரர் வரவே இல்லை. நண்பர் வந்தார், டாக்டரம்மா வந்தார், தூக்கம் வந்தது. விளக்கு போட்டதும் மச்சான், "இன்னா மாமா, உன் ஆளு எங்க?" என்றான். இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன், சரி, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். நான் படித்தவன். ஆகவே, நான் தவறவில்லை, படம்தான் தவறிவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன்.

அன்று மாலையே எழுதினேன். இன்ஸ்பெக்டர் கொலைகாரன் என்பது மேலோட்டமான ரசிகனுக்காக வைத்த முடிவு. கூர்ந்து பார்க்கிறவனுக்கு இயக்குநர் பச்சைத் தையலில் வேறொரு கதையை எழுதியிருக்கிறார். உண்மையான கொலைகாரன் இன்னும் அந்தக் கடற்கரையில் இளநீர் சீவிக்கொண்டிருக்கிறான். இப்படி நாலு பத்தி. கடைசிப் பத்தியில் மனித மனத்தின் இருட்டைப் பற்றியும் கொஞ்சம். படங்களைப் பற்றி எழுதுகிற ஓர் இணையதளத்திலும், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். தண்ணீர் வரவில்லை, லிஃப்டில் யாரோ குப்பை வைத்துவிட்டார்கள் என்று மட்டுமே பேசுகிற அந்தக் குழுவில், முதல்முறையாக எனக்கு இதயங்கள் விழுந்தன. சிவப்பு இதயங்கள். நான் அவற்றை அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டேன்.

இத்தோடு நின்றிருந்தால் தப்பித்திருப்போம். நாவலூர்ப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே படங்களுக்கு விளக்கம் சொல்லி வீடியோ போடும் ஓர் இளைஞர், என் நாலு பத்தியையும் தன் சொந்தக் குரலில், தன் சொந்தச் சிந்தனையாக வாசித்து, இளநீர்க்காரரின் ஷூவைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டுவிட்டார். வட்டத்துக்குள் பச்சைத் தையல் பளிச்சென்று தெரிந்தது. தமிழ்நாட்டில் வேறு யாருக்கும் அது வெறும் ஷூ. எங்கள் பஸ்ஸுக்கு அது குடும்பப் புகைப்படம்.

"இது நமக்குக் குடுத்த ஷூ லாட்டுதானுங்க," என்றார் கோயம்புத்தூர்க்காரர், போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து. "சார் சொன்னது வாஸ்தவம். இந்த ஆளு நம்ம ஆளு. எவனோ நடிக்கப் போயிருக்கான்."

"யாரா இருக்கும்?" என்றார் அவர் பக்கத்தில் இருந்த தஞ்சாவூர்க்காரர்.

"கண்டுபிடிச்சரலாமுங்க. சூட்டிங் எப்ப நடந்துச்சுன்னு மகாபலிபுரத்துல கேட்டாச் சொல்லிருவாங்க. அந்த நாள்ல லீவு போட்டவன் யாருன்னு பாத்தாப் போச்சு. ஒரு சின்ன ரூட் காஸ் அனாலிசிஸ்."

"கண்ணப் பாத்தீங்களா, அந்தப் படத்துல? பாக்கறச்சே எனக்கு வயத்தக் கலக்கிடுத்து. சைக்கோ கண்ணு."

"கண்ணு பயங்கரமுங்க."

இவ்வளவும் நடக்கும்போது எதிர் வீட்டுக்காரர் பார்க்காதவர்களுக்கான வரிசையில், தலைவி அம்மையாருக்கு இரண்டு இருக்கை பின்னால், மடியில் டிபன் பையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். காதுமடல் சிவந்திருந்ததாக இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது நான் என் வெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவர் கதவைத் தட்டினார். செய்தித்தாளுக்காக வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சார், ஒரு விசயம் சொல்லணும். கதவ சாத்திக்கலாமா?"

சாத்தினேன்.

"அது நான்தான் சார்."

"எது?"

"எளநி."

எனக்குப் புரியவில்லை. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, குரலைச் சற்று இறக்கி, "அந்தப் பக்கம் போவாதீங்க சார், பாற வழுக்கும்" என்றார். என் சொந்த வீட்டு வரவேற்பறையில், டி.வி.க்கும் துணிக்கூடைக்கும் நடுவில், கொலைகாரன் நின்றுகொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் ஒரு நல்ல மனிதன் கேட்க வேண்டிய கேள்விகள் பல உண்டு. நான் கேட்டது: "டைரக்டர் உங்ககிட்டத் தனியா ஏதாவது சொன்னாரா? இந்தக் கேரக்டருக்கு ஒரு முன்கதை, ஒரு இருட்டு மாதிரி?"

"எளநி சீவுன்னாரு, சீவினேன். டயலாக்க சொல்லுன்னாரு, சொன்னேன். அப்பால, ஓரமா போய் நில்லுன்னாரு."

என் நாலு பத்தியும் அங்கேயே செத்தது. கையில் ஒரு கல் ஆமையை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

விவரம் பிறகு வந்தது. அவர் சொந்த ஊர் சதுரங்கப்பட்டினத்துப் பக்கம். மாமல்லபுரத்தில் கடை வைத்திருக்கும் அவருடைய கூட்டாளி ஒருவரிடம், நிஜமாகவே இளநீர் சீவத் தெரிந்த ஆள் வேண்டும் என்று படக் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து நடிக்க ஆசையாம். எத்தனையோ வருடம் எதிரெதிரே இருந்தும் இதை நான் கேட்டதில்லை. ராசிபலன் படிக்கிறவர் என்ற அளவில்தான் அவரைத் தெரிந்துவைத்திருந்தேன்.

"அதெல்லாம் சரி, அந்த ஷூ எதுக்கு?"

"அருவா எடுத்தா கால்ல ஷூ இல்லாம கை வர்ல சார். இத்தினி வருசம் ஒர்க்ஷாப்புல நின்ன பழக்கம். கழட்டுன்னு ஒரு தம்பி சொன்னாரு. கால் படத்துல வராது, வுடுப்பான்னு இன்னொருத்தரு சொல்ட்டாரு."

ஆக, இயக்குநரின் நுட்பம், பச்சை நூல், மனித மனத்தின் இருட்டு, எல்லாம் இதுதான். ஒரு மனிதர் தன் கால்விரல்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

"இப்ப பேஜாரு இன்னான்னா சார்," என்றார், குரல் உண்மையாகவே இறங்கி, "அன்னிக்கு நான் காய்ச்சல்னு லீவு போட்டுகீறேன். கெவுர்மென்ட் ஆளு பர்மிசன் இல்லாம சினிமால நடிக்கக் கூடாது. ரிட்டையராவ ரெண்டு மாசம் கீது. அந்தம்மா காதுல வுழுந்து ஒரு பேப்பர் கெளம்பிச்சுன்னா, விசாரணை முடியாங்காட்டியும் பென்சன் அங்கியே நின்னுகினு இருக்கும். உங்கள நான் ஒண்ணும் தப்பா சொல்லல சார். நீங்க எழுதுனத நீங்களே கொஞ்சம் அழிச்சிட்டீங்கன்னா..."

கதவருகே போய்த் திரும்பினார். "பஸ்ல சொன்னாங்களே சார், கண்ணப் பாத்தா வயத்தக் கலக்குதுன்னு. நெசமாவா?"

"நெசமாத்தான்," என்றேன். அவர் முகத்தில் பயமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் இருந்தன. படத்தில் மூன்று பேர் நடிக்க முயன்று தோற்ற முகபாவம் அது.

உடனே அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. அழித்தால் ஏன் அழித்தாய் என்று கேட்பார்கள், அதுவே சந்தேகத்தைக் கிளப்பும் என்று எனக்கு நானே ஒரு வாதத்தைத் தயார் செய்துகொண்டேன். நல்ல வாதம்தான். ஆனால் அதன் அடியில் அந்தச் சிவப்பு இதயங்கள் துடித்துக்கொண்டிருந்தன. மனைவி எல்லாவற்றையும் உள்ளே இருந்து கேட்டிருந்தாள்.

"இதுல யோசிக்க இன்னா இருக்கு? அந்த மனுசன் பென்ஷன் பெருசா, உங்க ஹார்ட்டு பெருசா?"

"அழிச்சா மட்டும் போதாது. ஷூவைப் பார்த்துட்டாங்க. தேடிக்கிட்டிருக்காங்க."

"ஷூ, ஷூன்னு குதிக்கிறீங்களே, உங்க ஷூ எங்க?"

"வாசல்ல, ஸ்டாண்டுல."

"போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். என் செருப்பு, அவள் செருப்பு, ஒரு குடை. ஷூ இல்லை. அட்டைப்பெட்டியோடு தம்பிக்குக் கொடுத்து மாசக் கணக்காகிறது என்றாள். மூட்டை இறக்கும்போது அவன் காலில் விழுகிறதாம். எனக்கு ஏதோ பொறி தட்டியது. மச்சானுக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்குத் தியேட்டருக்கு என்ன போட்டுக்கிட்டு வந்தே?"

"பேன்ட்டு, சட்டதான் மாமா. ஏன்?"

"கால்ல."

"உன் ஷூதான். இன்னா மாமா, பக்கத்துலியேதான ஒக்காந்துகினு இருந்த?"

அதாவது, நான் அவன் கையைப் பிடித்து, இந்தத் தாலுகாவிலேயே காண முடியாத மர்மம் என்று திரையைக் காட்டிய நேரத்தில், அதே பச்சைத் தையல் என் முழங்காலுக்குப் பக்கத்தில், கால்மேல் கால் போட்டு ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

"இத்த எங்க ஊர்ல கள புடுங்கறவன்கூடப் போட்டுகினு கீறான் மாமா," என்று அவன் தொடர்ந்தான். "வரப்புல பாம்புக்கு நல்லதாம். திருக்கழுக்குன்றத்துல கொத்தனாருங்க காலப் பாரு. எல்லாம் உங்க ஆபீசு ஷூதான். யாரு வூட்டு மச்சான் குட்த்தானோ."

மறுநாள் பஸ்ஸில் கோயம்புத்தூர்க்காரர் ஆய்வைத் தொடங்கும்வரை காத்திருந்தேன். அவர் ஷூட்டிங் நடந்த வாரத்தைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார். எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். முதல் இருக்கையில் அம்மையார் கண்ணை மூடியிருந்தார்.

"லீவு யாரு போட்டான்னு பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன்," என்றேன். "இந்த ஷூவை நம்ம ஆள்தான் போட்டிருக்கணும்னு இல்லை. கொத்தனார் போட்டிருக்கார். களை எடுக்கிறவர் போட்டிருக்கார். எப்படி அங்கே போச்சுன்னு ரூட் காஸ் பார்த்தா நல்லா இருக்கும். முதல்ல நாம ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஷூ வீட்டில் இருக்கான்னு பார்த்துட்டு வந்துடலாம். நான் பார்த்துட்டேன். என்னோடது இல்லை."

அலுவலகம் கொடுத்த ஷூவை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எங்கள் பஸ் முழுவதும் ஒரே சமயத்தில் நினைத்துப் பார்த்தது. தஞ்சாவூர்க்காரர் குனிந்து தன் தோல் செருப்பை ஆராய்ந்தார்.

"இன்னைக்குக் கடக்காத்து சில்லுனு வீசுதுங்க," என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"ஆமா, ரொம்ப நன்னா இருக்கு," என்றார் தஞ்சாவூர்க்காரர்.

ஷூ ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

அன்று மதியமே நான் என் மறுப்பையும் எழுதினேன். படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். அது வெறும் ஷூ. இளநீர்க்காரர் வெறும் இளநீர்க்காரர். நான் சொன்னது அத்தனையும் பிதற்றல். இரண்டாம் முறை பார்த்தேன் என்பது மட்டும் பொய். இதயங்கள் போட்ட அதே கைகள் இப்போது கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களைப் போட்டன. "அங்கிள் மொத தடவ தூங்கிட்டாரு போல" என்று கீழ்த்தளத்துப் பையன் ஒருவன் எழுதினான். அவன் அம்மா அதற்கு ஓர் இதயம் போட்டாள். நாவலூர் இளைஞர், பொய்யான கோட்பாடுகளைப் பரப்புகிறவர்களைப் பற்றிப் புதிதாக ஒரு வீடியோ போட்டார். அதற்குப் பழையதைவிட வரவேற்பு அதிகம். கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறவன் என்ற பெயரை நானே வைத்து நானே எடுத்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் மறுநாள் செய்தித்தாளைக் காலையிலேயே என் கதவிடுக்கில் மடித்து வைத்திருந்தார். உள்ளே ஒரு நன்றிச் சீட்டாவது இருக்கும் என்று பிரித்துப் பார்த்தேன். செய்தித்தாள்தான் இருந்தது.

இரண்டு மாதமும் ஒரு விசாரணைப் பேப்பரும் கிளம்பாமல் கழிந்தன. அவர் ஓய்வு பெற்ற நாளில் அவர் பிரிவில் ஒரு சின்னக் கூட்டம். சமோசா, கேக், பொன்னாடை. எதிர் வீடு என்ற உரிமையில் என்னையும் அழைத்திருந்தார்கள். அவர் மேடையில் நின்று, பேச வரவில்லை என்று இரண்டு வரியில் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். கடற்கரையில் எவ்வளவு அழகாகப் பேசியவர் என்று நான் ஒருவன் மட்டும் ரகசியமாகப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வெளியே வரும்போது தலைவி அம்மையார் காகிதத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்ல மனுசன்," என்றார். "படத்துலயும் நல்லாத்தான் பண்ணியிருந்தாரு. கண்ணுல ஒரு மிரட்டு மிரட்டினாருல்ல?"

கடித்த சமோசாவைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"மொத நாளே பார்த்துட்டேன். காய்ச்சல்னு சொன்ன மனுசன் வேகாத வெயில்ல நின்னு எளநி சீவிக்கிட்டு இருக்காரு. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆசைப்பட்டுப் போயிருக்காரு, ரிட்டையராகிற நேரம், போகட்டும்னு விட்டுட்டேன்."

எங்கள் ராஜதந்திரம், பஸ்ஸில் நான் ஆடிய நாடகம், பலிகொடுத்த புகழ், எல்லாம் ஒரு நொடி என் கண்முன் வந்து போயின. மானத்தைக் கொஞ்சமாவது மீட்டுக்கொள்ளப் பார்த்தேன். "அந்தப் பச்சைத் தையலை நீங்களும் கவனிச்சிட்டீங்களா மேடம்?"

"என்ன தையல்?"

"ஷூவுல. அதை வெச்சுத்தானே அவரைக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் காகிதத் தட்டைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"நான் மூஞ்சியப் பார்த்தேன் சார். உங்களுக்கு எதிர் வீடுதானே அவரு?"